குடிவந்த பிறகு அது அவர்கள் வீடு

கடன் வாங்கி, இருந்த நகையையும் அடகு வைத்து, மாடியில் ஒரு போர்ஷன் எடுத்துவிட்டீர்கள். கேட்டில் ‘டு லெட்’ அட்டையும் தொங்குகிறது. மாதம் பிறந்தால் வாடகை வரும், வங்கித் தவணையில் பாதியை அது தாங்கிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். கணக்கு சரிதான். டீயைக் குடித்துக்கொண்டே, அந்தக் கணக்கில் ஏறாத சில விஷயங்களைப் பேசுவோம்.

பத்து வீடு வைத்திருப்பவருக்கு வக்கீல் இருப்பார், வசூலுக்கு ஆள் இருப்பார். ஒரே ஒரு மாடி வீடு வைத்திருப்பவருக்கு எல்லாம் அவரேதான். அவருக்கும் குடித்தனக்காரருக்கும் ஒரே கேட், ஒரே மாடிப்படி, பல இடங்களில் ஒரே மோட்டார். மனஸ்தாபம் வந்தால் காலையில் பால் பாக்கெட் எடுக்கப் போகும்போதே முகத்தில் தெரிந்துவிடும். அதனால் உங்களுக்குச் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும், பக்கத்தில் வாழ்கிற பக்குவமும் வேண்டும்.

நான் சொல்ல வருவதன் அடிப்படை ஒன்றுதான். சாவியை வாங்கி அவர்கள் பால் காய்ச்சிய நாளிலிருந்து பத்திரம் உங்களுடையது, புழக்கம் அவர்களுடையது. அந்தப் புழக்கத்துக்குத்தான் வாடகை வாங்குகிறீர்கள். புதிதாக வீடு விடுகிறவர்கள் படும் பாட்டில் பெரும்பகுதி, வாடகையையும் வாங்கிக்கொண்டு புழக்கத்தையும் தம் கைக்குள் வைத்துக்கொள்ளப் பார்ப்பதால் வருகிறது. மீதிப் பகுதி, பேச வேண்டியதை முதல் நாளில் பேசாமல் விட்டதால் வருகிறது.

ஆள் பார்ப்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். புரோக்கர் ஒரு குடும்பத்தை அழைத்து வருவார். நம் ஊரில் முதல் கேள்வி ‘சொந்த ஊர் எது, என்ன ஆளுங்க’ என்பதாக இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். சாதியோ மதமோ வாடகை ஐந்தாம் தேதி வருமா, இருபதாம் தேதி வருமா என்பதைச் சொல்லாது. ஒரு மனிதரை வாசலில் நிறுத்தி அவமானப்படுத்துவதைத் தவிர அந்தக் கேள்வியால் ஆவது எதுவும் இல்லை. கேட்க வேண்டியவை வேறு. என்ன வேலை, எங்கே வேலை? மொத்தம் எத்தனை பேர் தங்கப் போகிறீர்கள்? வண்டி எத்தனை? இப்போது இருக்கும் வீட்டை ஏன் காலி செய்கிறீர்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள். முடிந்தால், இப்போதைய ஓனரை விட்டுவிட்டு அதற்கு முந்தைய வீட்டு ஓனரிடம் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். இப்போதைய ஓனர் ஆளை எப்படியாவது அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரத்தில் நல்லவிதமாகச் சொல்லிவைக்கக்கூடும். முந்தையவருக்கு அந்தத் தேவை இல்லை.

தனியாக வேலைக்குப் போகும் பெண் என்றாலோ, கல்யாணமாகாத பையன்கள் என்றாலோ பலர் யோசிக்காமல் கதவைச் சாத்திவிடுகிறார்கள். மேலே சொன்ன அதே நான்கு கேள்விகளை அவர்களிடமும் கேட்டுவிட்டு முடிவு செய்தால் போதும். ஆதார் நகலும், வேலை செய்யும் இடத்தின் அடையாள அட்டை நகலும் வாங்கி வையுங்கள். குடியிருப்பவர் விவரத்தைக் கொடுக்கச் சொல்லி உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் படிவம் இருந்தால் அதையும் நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். இதில் யாரும் வருத்தப்பட ஒன்றும் இல்லை.

அடுத்தது ஒப்பந்தம். ‘பதினொரு மாசத்துக்கு எழுதிக்கலாம் சார்’ என்று புரோக்கர் சொல்வார். ஏன் பதினொன்று என்று கேட்டால் பல பேருக்குத் தெரியாது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கத்தான் ஒரு மாதம் குறைத்து எழுதும் வழக்கம் வந்தது. அது பழைய கதை. தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, நகர்ப்புறங்களுக்கு 2017-இல் ஒரு புதிய சட்டம் இயற்றினார்கள். நில உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் அது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் வீடு வாடகைக்கு விடவே கூடாது. பதினொரு மாதமோ, மூன்று வருடமோ, எழுதிய ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். இதற்கென்று அரசு இணையதளம் இருக்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்தே விண்ணப்பிக்கலாம். பதிவு எண் ஒன்று கொடுப்பார்கள்.

இதைப் பலர் செய்வதில்லை. ‘வாய்ப் பேச்சே போதும், நல்ல மனுஷங்க’ என்று விட்டுவிடுகிறார்கள். நல்ல மனிதர்களோடுதான் எழுதிக்கொள்ள வேண்டும். தகராறு வந்து வாடகை நீதிமன்றத்தின் படியேறும்போது, பதிவு செய்யாத காகிதத்தை வைத்துக்கொண்டு உங்கள் பக்கத்தை நிரூபிப்பது கடினம்.

கடையில் கிடைக்கும் மாதிரி ஒப்பந்தத்தில் பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போடாதீர்கள். அதில் இல்லாத விஷயங்களில்தான் சண்டை வரும். தண்ணீர் லாரி வாங்கினால் யார் எவ்வளவு தருவது, இபி எப்படிக் கணக்கிடுவது, எத்தனை வண்டி நிறுத்தலாம், வாடகை எந்த மாதம் எத்தனை சதவீதம் கூடும், காலி செய்ய எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் தமிழில், இருவருக்கும் புரிகிற வாக்கியங்களில் இருக்கட்டும். இருவரும் கையெழுத்திட்ட ஒரு மூலப்படி அவர்கள் கையில் இருக்க வேண்டும். குடிவரும் அன்று இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றி வந்து ஃபேன், ட்யூப்லைட், குழாய், சாவி எல்லாவற்றையும் எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். சுவர், தரை, பாத்ரூம் டைல்ஸ், கிச்சன் மேடை எல்லாவற்றையும் செல்போனில் படமெடுத்து அவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள். பதினைந்து நிமிட வேலை. இரண்டு வருடம் கழித்து, ‘இந்த விரிசல் நாங்க வரும்போதே இருந்துச்சு’, ‘இல்லவே இல்லை’ என்ற வாக்குவாதம் எழாமலே போய்விடும்.

இப்போது அட்வான்ஸ். சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது நெடுநாள் வழக்கம். புதிய சட்டம் பொது அளவாகச் சொல்வது மூன்று மாத வாடகை. நான் மூன்றையே சிபாரிசு செய்வேன். சட்டம் சொல்கிறது என்பது ஒரு காரணம். இன்னொன்று, பெரிய அட்வான்ஸ் உங்களுக்கே ஆபத்து. பத்து மாத அட்வான்ஸ் கைக்கு வந்ததும் அது கேட்டுக்கு, பெயிண்ட்டுக்கு, கல்யாணச் செலவுக்கு என்று போய்விடும். அவர் காலி செய்கிறேன் என்று வந்து நிற்கும்போது கையில் பணம் இருக்காது. ‘அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தர்றேன்’ என்பீர்கள். அவரோ அந்தப் பணத்தை நம்பித்தான் அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் சொல்லியிருப்பார். ஒரு குடும்பம் சாமான்களை ஏற்றிய வண்டியோடு தெருவில் நிற்பதற்கு நீங்கள் காரணமாகிவிடுவீர்கள். அட்வான்ஸ் என்பது வருமானமில்லை, திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். வாங்கிய அன்றே வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டுவிட்டு அதை மறந்துவிடுங்கள். வட்டி உங்களுக்கே.

வாடகைக்குப் பதிலாக மொத்தமாகச் சில லட்சங்களைக் கேட்டு ‘லீஸுக்கு’ விடச் சொல்வோரும் உண்டு. இந்தப் போக்கியம் வேறு வகை ஆவணம், பதிவும் வேறு. வக்கீலைக் கேட்காமல் அதில் இறங்காதீர்கள்.

சரி, குடிவந்துவிட்டார்கள். இனி வரும் விவகாரங்களில் முதலாவது இபி. மாடிக்குத் தனி இணைப்பு, தனி மீட்டர் வாங்கியிருந்தால் நீங்கள் புண்ணியம் செய்தவர். அவர்கள் பில்லை அவர்களே கட்டிக்கொள்வார்கள். சப் மீட்டர் போட்டிருந்தால்தான் பிரச்சினை. நம் மாநிலத்தில் வீட்டு மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும், 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கே மாறும். இரண்டு குடும்பம் ஒரே இணைப்பில் ஓடினால் இருவருமே மேல் படியில் விழுவார்கள். இதை ஈடுகட்ட, ‘யூனிட்டுக்கு இவ்வளவு’ என்று ஒரு பெரிய தொகையை வைத்து வாங்குவது பரவலாக நடக்கிறது. மின்சாரத்தில் லாபம் பார்ப்பது தவறு. குடித்தனக்காரர்கள் ஓனரைப் பற்றி வெளியே பேசும் குறைகளில் இதுவே முதலாவதாக இருக்கும். நியாயமான வழி எளிது. மொத்தம் 480 யூனிட் ஓடியிருக்கிறது, அவர்கள் சப் மீட்டரில் 180 என்றால், வந்த பில்லில் எட்டில் மூன்று பங்கு அவர்களுடையது. பில்லையும் இரண்டு ரீடிங்கையும் படம் எடுத்து அனுப்பிவிட்டுப் பணத்தைக் கேளுங்கள். மோட்டாரும் மாடிப்படி விளக்கும் யார் மீட்டரில் ஓடுகின்றன என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தண்ணீர் இதைவிடச் சிக்கலானது. இபிக்கு மீட்டராவது உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் போர் இறங்கிவிட்டால் லாரிதான். லாரி செலவைப் பங்கு போடுவதாக எழுதியிருந்தால், தலைக்கு இவ்வளவா, வீட்டுக்கு இவ்வளவா என்பதையும் எழுதியிருக்க வேண்டும். மோட்டார் போடும் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள். அவர் வீட்டில் இல்லாத நாளில் மற்றவர் போடலாம் என்ற ஏற்பாடும் இருக்கட்டும். ‘இவ்வளவு துணி துவைச்சா தண்ணி எப்படி நிக்கும்’ என்று மாடிப்படியில் நின்று சத்தமாகச் சொல்லாதீர்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் துணி அப்படித்தான் சேரும். டேங்கில் மிதவைக் குழாய் சரியாக மூடுகிறதா, ஃப்ளஷ் டேங்க் ஒழுகுகிறதா என்று பிளம்பரை விட்டுப் பாருங்கள். காணாமல் போகும் தண்ணீர் பல சமயம் அங்கேதான் போய்க்கொண்டிருக்கும்.

ரிப்பேர் யார் செலவு என்பது எல்லா வீட்டிலும் எழும் கேள்வி. இதற்குச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையே பதில் சொல்கிறது. கட்டடத்தின் கட்டமைப்புப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவது, குழாய்களை மாற்றுவது, மின் வயரிங் எல்லாம் ஓனர் பொறுப்பு. குழாய்க்கு வாஷர், சுவிட்ச், பிளக் பாயிண்ட், கழிப்பறை, வாஷ்பேசின், கீசர் பழுது, கதவுப் பூட்டு, கொசு வலை, கண்ணாடி, சாக்கடை அடைப்பு எடுப்பது போன்ற அன்றாடச் சில்லறைகள் குடியிருப்பவர் பொறுப்பு. அவர்களே உடைத்தது எதுவானாலும் அவர்கள் செலவு. கோடு அவ்வளவு தெளிவாக இருந்தும் சண்டை வருவதற்குக் காரணம், ஓனர்கள் அந்த முதல் பட்டியலைப் பார்ப்பதே இல்லை.

என் அனுபவத்தில் பார்த்தவரை, கன்சீல்டு பைப்பில் கசிவு என்று குடித்தனக்காரர் சொன்னால் ஓனர் முதலில் செய்வது சந்தேகப்படுவது. ‘இத்தனை நாள் இல்லாதது இப்ப எப்படி வந்தது?’ என்று கேட்பார். ஒரு மாதம் தள்ளிப்போடுவார். அதற்குள் கீழ்வீட்டு சீலிங்கில், அதாவது அவர் தலைக்கு மேலேயே, ஈரம் படர்ந்து கம்பி துருப்பிடிக்கத் தொடங்கும். ஆயிரத்தில் முடிந்திருக்க வேண்டியது அதன்பின் பல ஆயிரத்தைக் கேட்கும். குறை சொல்லும் குடித்தனக்காரர் உங்கள் கட்டடத்துக்குக் கூலியில்லாத காவலாள். ஒன்றும் சொல்லாமல் பொறுத்துக்கொண்டிருப்பவரைக் கண்டுதான் கவலைப்பட வேண்டும். தண்ணீர்க் கசிவு, மின்சார ஷாக், கதவுத் தாழ்ப்பாள், இந்த மூன்றும் அன்றே கவனிக்க வேண்டியவை. மற்றவற்றுக்கு ஒரு தேதி சொல்லி, அந்தத் தேதியில் செய்து கொடுங்கள். நம்பகமான பிளம்பர், எலக்ட்ரீஷியன் இருவருடைய எண்களையும் குடித்தனக்காரரிடமே கொடுத்து, ‘இவ்வளவு ரூபாய்க்குள் என்றால் கேட்காமலே கூப்பிட்டுச் செய்துகொள்ளுங்கள், வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வரம்பும் சொல்லிவிட்டால் பாதித் தொலைபேசி அழைப்புகள் குறைந்துவிடும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை போகும். செப்டம்பரிலேயே ஒரு நாள் மொட்டைமாடிக்குப் போய் மழைநீர் இறங்கும் ஓட்டைகளில் அடைந்திருக்கும் இலையையும் மண்ணையும் எடுத்துவிடுங்கள். தட்டோட்டில் விரிசல் இருந்தால் அப்போதே பூசிவிடுங்கள். மழை கொட்டும்போது எந்தக் கொத்தனாரும் கிடைக்கமாட்டார்.

வாடகை தாமதமாவதுதான் புதிய ஓனரின் தூக்கத்தைக் கெடுப்பது. ஐந்தாம் தேதி என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறாம் தேதி வரவில்லை. பலர் சங்கோஜத்தில் பதினைந்தாம் தேதி வரை வாயைத் திறக்காமல் இருந்து, அதற்குள் கோபத்தை வளர்த்துக்கொண்டு, பதினாறாம் தேதி வெடிக்கிறார்கள். ஆறாம் தேதியே, சாதாரணக் குரலில் ஒரு செய்தி அனுப்புவதுதான் மரியாதை. ‘வாடகை இன்னும் வரலை, ஏதாவது சிரமமா?’ என்று கேட்டால் போதும். தாமதம் ஒரு தடவை என்றால் காரணம் பெரும்பாலும் சம்பளமோ, ஆஸ்பத்திரியோ, பள்ளிக் கட்டணமோ தான். எந்தத் தேதிக்குள், எவ்வளவு என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். பாதி கொடுத்தால் பாதியை வாங்கிக்கொண்டு, மீதி எவ்வளவு என்பதை அதே செய்தியில் எழுதி அனுப்புங்கள். வேலை போனவரிடமும் உடம்பு சரியில்லாதவரிடமும் இரண்டு மூன்று தவணையாக வாங்கிக்கொள்வதால் நீங்கள் ஏமாளி ஆகிவிடமாட்டீர்கள். எழுத்தில் இருக்கட்டும், அவ்வளவுதான்.

கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ‘இந்த மாசம் அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க’ என்ற பேச்சு. ஒரு தடவை சரி என்றால் அடுத்த மாதமும் அதே பேச்சு வரும். அட்வான்ஸ் கரைந்து முடியும் நாளில் உங்கள் கையில் பிடிமானம் எதுவும் இருக்காது. காலி செய்யும் தேதி எழுத்தில் உறுதியான பிறகு வரும் கடைசி மாதங்களைத் தவிர மற்ற நேரத்தில் இதற்கு இணங்காதீர்கள். அமைதியாக, ‘அது காலி பண்ணும்போது பார்க்கலாம், இது மாச வாடகை’ என்று சொல்லிவிடலாம்.

இரண்டு மாத வாடகை முழுசாக நின்றுவிட்டால், பேசிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டால், எழுத்தில் நோட்டீஸ் அனுப்புங்கள். நோட்டீஸ் கிடைத்து ஒரு மாதத்துக்குள் பாக்கியைக் கட்டிவிட்டால் அதோடு விஷயம் முடிந்தது. கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்தை அணுக உங்களுக்கு வழி திறக்கிறது. வக்கீல் மூலம் அந்த வழியில் போங்கள். வேறு வழியில் போகாதீர்கள். தண்ணீரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது, வெளியே போயிருக்கும்போது வேறு பூட்டுப் போடுவது, தெருவில் வைத்துத் திட்டுவது, இவையெல்லாம் இன்னும் நடக்கின்றன. தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, கழிவுநீர் வசதி போன்ற அத்தியாவசிய சேவைகளை ஓனர் தடுக்கக் கூடாது என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. வாடகை அதிகாரியிடம் அவர்கள் புகார் கொடுத்தால் அந்த நிமிடத்திலிருந்து தப்பு உங்கள் பக்கம். பாக்கி வைத்திருப்பவர் பாதிக்கப்பட்டவராகிவிடுவார். சட்டத்தை விடுங்கள், ஒரு வீட்டில் குழந்தைகள் இருக்கும்போது தண்ணீரை நிறுத்துவதை எந்தப் பாக்கியும் நியாயப்படுத்தாது.

வாடகையை வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ வாங்குங்கள். ரொக்கமாக வாங்கினால் அன்றே ரசீது கொடுங்கள். சம்பளக்காரர்கள் வீட்டு வாடகைப் படிக்கு வரிச்சலுகை கேட்கும்போது, ஆண்டு வாடகை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் அலுவலகத்தில் ஓனரின் பான் எண்ணைக் கேட்பார்கள். கொடுக்க மறுக்காதீர்கள். வாடகை வருமானத்தை எப்படியும் கணக்கில் காட்டத்தான் வேண்டும். நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்தபின், மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று வருமான வரிச் சட்டமே கழித்துக்கொள்ள விடுகிறது. அதற்கு பில் எதுவும் காட்ட வேண்டியதில்லை. பயப்படும் அளவுக்கு அந்த வரி பெரும்பாலான சிறு ஓனர்களுக்கு வராது.

புழக்கம் அவர்களுடையது என்று முதலில் சொன்னேனே, அது உண்மையில் சோதிக்கப்படும் இடம் அன்றாட வாழ்க்கை. மாற்றுச் சாவி உங்களிடம் இருக்கலாம். தீப்பிடித்தால், பைப் உடைந்தால் தவிர அதைத் தொடக் கூடாது. வீட்டைப் பார்க்க வேண்டும், ஆள் விட்டு வேலை செய்ய வேண்டும் என்றால் 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் சொல்லிவிட்டு, பகல் பொழுதில் போக வேண்டும் என்பது சட்டம். ‘என் வீட்டுக்குப் போக நான் யாரைக் கேக்கணும்’ என்று கேட்கும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கேட்டுத்தான் போக வேண்டும் ஐயா. உள்ளே ஒரு குடும்பம் வாழ்கிறது.

விருந்தாளி வருவதும் அப்படித்தான். அக்கா குடும்பம் நான்கு நாள் வந்து தங்கினால் அது உறவு. நான்கு மாதம் தங்கி அவர்களே வாடகையைப் பங்கு போட்டால் அது உள்வாடகை. அதற்கு உங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும். இரவு பத்து மணிக்குக் கேட்டைப் பூட்டுவது உங்கள் வழக்கம் என்றால் அவர்களுக்கும் ஒரு சாவி கொடுத்துவிடுங்கள். இரவு ஷிப்ட் முடிந்து வருபவர் வாசலில் நின்று கூப்பிட வேண்டிய நிலை வரக் கூடாது. ஆணி அடிப்பதற்குப் பதிலாக டிரில் வைத்து நான்கு இடத்தில் நீங்களே கொக்கி மாட்டிக் கொடுத்துவிட்டால் சுவர் பிழைக்கும். அசைவம் சமைக்கக் கூடாது என்று நிபந்தனை வைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சமையலறையில் என்ன வேகிறது என்பது அவர்கள் விஷயம் என்பதே என் கருத்து. அப்படியும் வைப்பீர்களானால் அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். குடிவந்த பிறகு முகத்தைச் சுளிப்பது கொடுமை.

இன்னொரு பயத்தையும் தீர்த்துவிடுகிறேன். ‘பன்னிரண்டு வருஷம் ஒருத்தரையே விட்டா வீடு அவங்களுக்குப் போயிடுமாம்’ என்று தெருவுக்கு ஒருவர் சொல்வார். அதனால் நல்ல குடித்தனக்காரரைக்கூட மூன்று வருடத்தில் கிளப்பிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பன்னிரண்டு வருடக் கணக்கு 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் அது உரிமையாளரை மறுத்து, அவருக்கு எதிராக அனுபவித்து வருபவருக்கான கணக்கு. உங்கள் அனுமதியோடு, உங்களை ஓனர் என்று ஒப்புக்கொண்டு, வாடகை கொடுத்து இருப்பவர் எத்தனை வருடம் இருந்தாலும் குடியிருப்பவர்தான். எழுத்து ஒப்பந்தமும், அதைப் புதுப்பித்த தாள்களும், வங்கியில் ஏறிய வாடகையும் அதற்குச் சாட்சி. ஒழுங்காக இருக்கும் குடும்பம் பத்து வருடம் இருக்கட்டும். ஒவ்வொரு தடவை ஆள் மாறும்போதும் வீடு காலியாகக் கிடக்கும் மாதம், பெயிண்ட் செலவு, புரோக்கர் கமிஷன் எல்லாம் உங்கள் தலையில்தான். சந்தை வாடகையை விடச் சற்றுக் குறைவாக வாங்கினாலும் நிலைத்து இருப்பவரால் லாபம் உங்களுக்கே.

உங்களுக்கே வீடு தேவைப்பட்டால், மகனுக்குக் கல்யாணம், ஊரிலிருந்து அம்மா வருகிறார்கள் என்றால், உண்மைக் காரணத்தைச் சொல்லி முன்கூட்டியே பேசுங்கள். சொந்தத் தேவையைச் சட்டமும் ஏற்கிறது. தேதி குறிக்கும்போது இரண்டு விஷயத்தைப் பாருங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் ஆண்டுத் தேர்வு முடியட்டும். ஆடியிலும் மார்கழியிலும் நம் மக்கள் புது வீட்டுக்குப் பால் காய்ச்சமாட்டார்கள். ஜூலை கடைசியில் காலி செய்யச் சொன்னால் அவர்கள் ஆவணி பிறக்கட்டும் என்று கேட்பார்கள். அதைப் பிடிவாதம் என்று நினைக்காமல் ஆகஸ்ட் கடைசி என்றே எழுதிவிடலாம்.

காலி செய்யும் நாள்தான் பல ஓனர்கள் பெயரைக் கெடுத்துக்கொள்ளும் நாள். அதுவரை சிரித்துப் பேசியவர் அன்றைக்குச் சுவர் சுவராகத் தடவிப் பார்ப்பார். ‘பெயிண்ட்டுக்கு ஒரு மாச வாடகை கழிச்சுக்கிறேன்’ என்பார். இந்தக் கழிவு நம் ஊரில் சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. நான் இதை ஏற்கவில்லை. வெள்ளையடிப்பு ஓனர் பொறுப்பு என்று அட்டவணையில் பார்த்தோம். மூன்று வருடம் மனிதர்கள் வாழ்ந்த சுவர் மங்கத்தான் செய்யும், கதவுப் பிடி தளரத்தான் செய்யும். அந்தத் தேய்மானத்துக்கான தொகையைத்தான் மாதாமாதம் வாடகையாக வாங்கினீர்கள். உடைந்த வாஷ்பேசின், பிய்த்தெடுத்த சுவிட்ச் போர்டு, எரிந்த கிச்சன் மேடை இவற்றுக்குக் கழிக்கலாம். முதல் நாள் எடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இருவரும் சேர்ந்து பார்த்து, கடையில் விலை கேட்டு, அந்தத் தொகையை மட்டும் கழியுங்கள். இபி கணக்கு இரண்டு மாதச் சுற்றின் நடுவில் இருக்கும் என்பதால் அன்றைய ரீடிங்கைக் குறித்து அதுவரைக்கான தொகையை வாங்கிக்கொள்ளுங்கள்.

மீதி அட்வான்ஸைத் திருப்பித் தரச் சட்டம் ஒரு மாதம் அவகாசம் கொடுக்கிறது. அந்த அவகாசத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள். சாவியை வாங்கும் கையாலேயே பணத்தைக் கொடுத்துவிடுங்கள், அல்லது அவர்கள் கண்முன்னாலேயே வங்கியில் போட்டுவிடுங்கள். அதற்காகத்தான் முதல் நாளே அதை வைப்புத்தொகையாகப் போடச் சொன்னேன். இந்த வாரம் உங்கள் வீட்டுக்கு யாராவது அட்வான்ஸ் கொடுக்க வந்தால், அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு நேராக வங்கிக்குப் போங்கள்.